11 லட்சம் டாலரில் நாட்களை வாங்கிய படம்: ‘தி ரெய்டு’ செலவுக் கணக்கு

‘தி ரெய்டு’ என்ற இந்தோனேசியச் சண்டைப் படத்தை எடுக்க வேண்டும் என்று யாரும் முதலில் திட்டமிடவில்லை. வேல்ஸ் நாட்டுக்காரரான இயக்குநர் கேரத் எவன்ஸ் ஜகார்த்தாவில் இருந்துகொண்டு ‘பெராண்டால்’ என்ற சிறைக் கும்பல் கதைக்குத்தான் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பணம் தேடினார். அது பெரிய படம், கார் துரத்தல் எல்லாம் இருந்தது. பணம் சேரவில்லை. அதை எடுத்து வைத்துவிட்டு, கைக்கு எட்டிய பணத்தில் முடியக்கூடிய ஒரு கதையை எழுதினார். போதைக் கும்பல் தலைவன் ஒருவன் மேல்மாடியில் இருக்கிறான், கட்டடம் முழுக்க அவன் ஆட்கள், 20 போலீஸ்காரர்கள் உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

செலவு 11 லட்சம் அமெரிக்க டாலர் என்று சொல்லப்படுகிறது. 2011-இன் மாற்று விகிதத்தில் நம் பணத்துக்குச் சுமார் 5 கோடி ரூபாய். படத்தின் நீளம் 101 நிமிடம், அதில் சண்டைக்கு நிறைய இடம். 2011 மார்ச் நடுவில் தொடங்கிய படப்பிடிப்பு ஏறத்தாழ மூன்று மாதம் நடந்தது. செப்டம்பர் 8 அன்று டொரொண்டோ திரைப்பட விழாவில் நள்ளிரவுப் பிரிவில் திரையிடப்பட்டு, அந்தப் பிரிவின் பார்வையாளர் விருதையும் வாங்கியது.

இந்தத் தேதிகளைப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். குறைந்த செலவுப் படம் என்றால் முப்பது நாளில் முடித்துப் பேக்கப் சொல்வதுதான் வழக்கம். கையில் காசில்லாத படம் மூன்று மாதம் எப்படி எடுத்தது? விடை எளிது: மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்த காசு முழுவதும் நாட்களாக மாற்றப்பட்டது. கட்டடம், கேமரா, துப்பாக்கி, நடிகர் தேர்வு என்று எந்த முடிவை எடுத்துப் பார்த்தாலும் அது சண்டைக்கு இன்னும் சில நாள் கிடைக்க வழி செய்திருக்கிறது.

சண்டைக்கு ஏன் அவ்வளவு நாள் வேண்டும் என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்த்துவிடலாம். இது அந்தப் படத்தின் கணக்குப் புத்தகம் இல்லை, எந்தச் சண்டைப் படத்துக்கும் போட்டுப் பார்க்கக்கூடிய மனக்கணக்கு. படத்தில் 40 நிமிடம் சண்டை என்று வையுங்கள். அது 2,400 நொடி. ஒரு ஷாட் சராசரி 3 நொடி என்றால் 800 ஷாட். கைகலப்பில் விரைவாக வேலை செய்யும் குழுவே ஒரு நாளில் 15 ஷாட் எடுத்தால் நல்ல வேகம். ஆக 53 நாள். மிச்சமிருக்கும் ஒரு மணி நேரப் பேச்சுக் காட்சிகளை நாளுக்கு 5 நிமிடம் என்று எடுத்தால் 12 நாள். மொத்தம் 65. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் பதினோரு வாரம், கிட்டத்தட்ட மூன்று மாதம். மொத்தப் பணத்தில் பாதி படப்பிடிப்புக்குப் போகிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 8,500 டாலர் அளவில், அன்றைய மதிப்பில் 4 லட்சம் ரூபாய்க்குள், ஒட்டுமொத்த யூனிட்டும் ஓட வேண்டும். சாப்பாடு, வண்டி, லைட், ஃபைட்டர்களின் சம்பளம் எல்லாம் இதற்குள்தான். இதில் யார் சம்பளம் பெரிதாக இருந்தாலும் நாட்கள் குறைந்துவிடும்.

அதனால் முதல் முடிவு, நடிகர்கள். எவன்ஸ் இந்தோனேசியாவுக்கு முதலில் போனது பென்சாக் சிலாட் என்ற அந்நாட்டுத் தற்காப்புக் கலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்க. அந்த வேலையில்தான் ஜகார்த்தாவின் ஒரு சிலாட் பள்ளியில் இக்கோ உவைசைப் பார்த்தார். அப்போது உவைஸ் ஒரு தொலைபேசி நிறுவனத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டு, வேலையை விடச் செய்து, 2009-இல் ‘மெராந்தாவ்’ எடுத்தார்கள். சண்டை அமைக்க வந்த யயான் ருஹியான் அதிலேயே நடிகராகவும் ஆனார். ‘தி ரெய்டு’ படத்தில் இருவரும் முக்கிய வேடங்களில் நடித்து, சண்டைகளையும் தாங்களே அமைத்தார்கள். மூன்றாமவர் ஜோ தஸ்லிம், இந்தோனேசிய தேசிய ஜூடோ அணியில் இருந்தவர்.

கதாநாயகனே ஃபைட் மாஸ்டராக இருந்தால் சம்பளப் பட்டியலில் ஒரு வரி குறைகிறது. அது சின்ன லாபம். பெரிய லாபம் கேமராவுக்கு. டூப் போட்டு எடுக்கும் சண்டையில் முகத்தை மறைக்க வேண்டும். முதுகு, பிறகு குளோசப்பில் முகம், மறுபடி முதுகு என்று வெட்டிக்கொண்டே போக வேண்டும். வெட்டு கூடினால் ஷாட் கூடும், ஷாட் கூடினால் நாள் கூடும். ஆளே அடித்து ஆளே விழுந்தால் பத்துப் பன்னிரண்டு அசைவுகளை ஒரே ஷாட்டில் ஓட்டலாம். நட்சத்திரத்தின் கால்ஷீட் பதினைந்து நாள்தான் என்ற நெருக்கடியும் இல்லை. ஒத்திகைக்கு மாதக்கணக்கில் கூப்பிடலாம், வருவார்கள்.

அந்த ஒத்திகை அறையில் நடந்ததுதான் இந்தப் படத்தின் உண்மையான தயாரிப்பு. தரையில் மெத்தையை விரித்து, சுவர் இருக்க வேண்டிய இடத்துக்கு ஏதாவது அட்டையை நிறுத்தி, அசைவுகளை முடிவு செய்கிறார்கள். பிறகு கையடக்க வீடியோ கேமராவில், படத்தில் வரப்போகும் அதே கோணங்களில், ஷாட் ஷாட்டாக எடுத்து எடிட் செய்கிறார்கள். படத்தின் எடிட்டரும் எவன்ஸ்தான் என்பது இங்கே முக்கியம். படப்பிடிப்புத் தளத்துக்குப் போகும்போது ஒவ்வொரு சண்டையும் முழுதாக வெட்டி ஒட்டிய வீடியோவாகக் கையில் இருக்கிறது. எந்த ஷாட் எங்கே தொடங்கி எங்கே முடியும், கேமரா எந்த உயரத்தில், எத்தனை அடி நகரும் என்று எல்லாமே தீர்ந்திருக்கும்.

இதை ஏதோ கலைஞரின் பிடிவாதம் என்று நினைத்துவிடக் கூடாது, இது காசு விஷயம். வழக்கமான முறையில் ஒரு சண்டையை முழுதாக ஒரு வைடில், அதாவது எல்லோரும் தெரியும்படி தள்ளி நின்று, எடுப்பார்கள். பிறகு அதையே இடமிருந்து, வலமிருந்து, குளோசில் என்று திரும்பத் திரும்ப எடுத்து, எது தேவைப்படும் என்பதை எடிட்டிங் மேசையில் பார்த்துக்கொள்வார்கள். பேச்சுக் காட்சிக்கு அது சரி. சண்டைக்கு அது பாழாப்போன முறை. ஒரு குத்து பட்டதுபோல் தெரிவது ஒரே ஒரு கோணத்தில்தான்: குத்தும் கையும் வாங்கும் முகமும் கேமராவுக்கு ஒரே நேர்கோட்டில் முன்பின்னாக நிற்க வேண்டும். நாலு விரற்கடை பக்கவாட்டில் நகர்ந்தால் இடைவெளி தெரிந்துவிடும். ஆக நாலு கோணத்தில் எடுத்ததில் மூன்று குப்பைக்குப் போகும். அந்தக் குப்பைக்காக ஆட்கள் உண்மையில் விழுந்து எழுந்திருப்பார்கள். இருபது அசைவுள்ள தொடரை முழு வேகத்தில் செய்கிறவருக்கு ஐந்தாறு டேக்குக்குப் பிறகு மூச்சு வாங்கும். டைமிங் அரை நொடி தப்பும், அப்போதுதான் அடி உண்மையிலேயே படும். தேவையான மூன்று நொடியை மட்டும் எடுத்தால் அதே ஆளால் பதினைந்து டேக்கும் கொடுக்க முடியும்.

வீடியோவாக எடுத்து வைப்பதில் இன்னொரு பலன் உண்டு. தாளில் நன்றாக இருக்கும் அசைவு திரையில் மந்தமாக இருப்பது அடிக்கடி நடப்பது. அதை ஒத்திகை அறையில் கண்டுபிடித்தால் செலவு மூன்று பேரின் ஒரு பிற்பகல். தளத்தில் அறுபது பேர் நிற்கும்போது கண்டுபிடித்தால் ஒரு நாள் போச்சு.

அடுத்தது கட்டடம். ஒரே இடத்தில் நடக்கும் கதையில் இடமாற்றச் செலவு இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதி உண்மைதான். யூனிட் இடம் மாறுவது என்றால் லாரி ஏற்றி இறக்கும் நேரமும் சேர்த்து அரை நாள் போகும், அது மிச்சம். மற்ற பாதி, ஒரு நடைபாதையைப் பத்து நடைபாதையாக்கும் வசதி. அடுக்குமாடியில் எல்லாத் தளமும் ஒரே அமைப்பில் இருப்பது இயல்பு. கதவு எண்ணை மாற்றி, சுவருக்கு வேறு அழுக்குப் பூசி, ட்யூப் லைட்டில் ஒன்றை அணைத்தால் ஆறாவது மாடி ஏழாவது மாடியாகிவிடும். மாளிகை என்றால் இது நடக்காது. கதை எழுதும்போதே இந்தக் கணக்கு உள்ளே இருந்திருக்கிறது. வெளிப்புறக் காட்சிகள் மிகக் குறைவு, ஜன்னல் வெளிச்சம் கதைக்குத் தேவையில்லை. பகலோ இரவோ எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், மழை வந்தால் பயமில்லை.

நடைபாதைச் சண்டையில் தலைவலியும் உண்டு. நாலடி அகலத்தில் இரண்டு பேர் சண்டை போட்டால் கேமரா நிற்க இடமில்லை. அதனால் செட் போடுகிறவர்கள் சுவரைத் துண்டு துண்டாகக் கழற்றும்படி செய்வார்கள். ஒரு பக்கச் சுவரைக் கழற்றிக் கேமராவை வைத்து, அடுத்த ஷாட்டுக்கு அதை மாட்டி எதிர்ச் சுவரைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் பதினைந்து இருபது நிமிடம் போகும். அதைக் குறைக்க, ஒரு பக்கம் பார்க்கும் ஷாட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டு மறுபக்கம் திரும்புவார்கள். சண்டையின் வரிசை குலைந்துவிடுவதால், எந்த ஷாட்டில் யாருக்கு எங்கே ரத்தம், எந்தப் பொத்தான் அறுந்தது என்று கன்டினியூட்டி பார்ப்பவர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் படம் பிடித்து வைக்க வேண்டும். நாயகன் உடையில் குறைந்தது ஐந்தாறு செட்: சுத்தமானது, வியர்த்தது, கிழிந்தது, ரத்தக்கறையோடு, அதற்கு மேலும் மோசமானது. சர்க்கரைப் பாகில் கலந்த செயற்கை ரத்தம் காய்ந்தால் துணியை விறைக்கவைத்து நிறமும் மாறும். நேற்றைய சட்டையை இன்று போட்டால் திரையில் தெரிந்துவிடும்.

தரை விஷயத்தில் யாரும் சிக்கனம் பிடிக்கக் கூடாது. ஜூடோ வீச்சில் ஒருவர் முதுகு தரையில் விழும்போது சிமென்ட் தரை அப்படியே தாங்காது. ஒன்றரை அங்குல ரப்பர் பாயைப் போட்டு மேலே தரை டிசைனிலேயே வினைல் விரிப்பை ஒட்டுவது ஒரு வழி. விளிம்பில் நிழல் விழாதபடி நடைபாதை முழுக்கப் போட வேண்டும், விழும் இடத்தில் மட்டும் போட்டால் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். பாய் அதிக மென்மையாக இருந்தாலும் வம்பு: கால் அழுந்துவது தெரியும், சுழன்று உதைக்கும்போது கணுக்கால் மடங்கும். பாய் நகராமல் ஒட்டியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் ஒருவர் பார்க்க வேண்டும். 1971-இல் தாய்லாந்தின் பாக் சோங் ஊரில் ‘தி பிக் பாஸ்’ எடுத்தபோது உயரத்திலிருந்து குதித்த புரூஸ் லீயின் காலடியில் மெத்தை வழுக்கி, கணுக்கால் பிசகியது. நிறுத்திவைக்கப் பணமில்லாத படம் அது. அவர் காலை இழுத்து நடந்ததால் மீதிச் சண்டைகளில் குளோசப்பை நம்ப வேண்டியதாயிற்று. 

நாயகன் அடிபட்டால் படமே நிற்கும் என்பதால், அவர் உட்கார்ந்து பேசும் காட்சிகள் இரண்டு மூன்றையும், அவர் இல்லாத காட்சிகள் சிலவற்றையும் எடுக்காமல் கைவசம் வைத்திருப்பது நல்ல புரொடக்‌ஷன் மேனேஜரின் பழக்கம். வில்லன் சி.சி.டி.வி. திரைகளின் முன்னால் உட்கார்ந்து மைக்கில் பேசும் காட்சிகள் ‘தி ரெய்டு’ படத்தில் நிறைய. அப்படிப்பட்ட காட்சிகளை ஒரே அறையில் ஓரிரு நாளில் முடித்துவிடலாம், எந்த நாளில் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

உடையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கதையில் போலீஸ்காரர்கள் குண்டு துளைக்காத கவசம், முழங்கால் காப்பு, முழுக்கை உடை எல்லாம் போட்டிருக்கிறார்கள். நிஜத்திலும் அவர்களைக் காப்பாற்றுகிற உடை அது. உள்ளே எவ்வளவு பஞ்சு வைத்தாலும் வெளியே தெரியாது. அரைக்கால் சட்டையும் பனியனும் போட்ட ரவுடிகள் பாடுதான் திண்டாட்டம். அவர்களுக்கு முழங்கையிலும் முதுகிலும் எதையும் ஒளிக்க முடியாது. அதனால் அதிகம் விழுகிறவருக்கு ஜாக்கெட்டோ தொளதொள சட்டையோ கொடுப்பதுண்டு. சண்டைப் படத்தில் காஸ்ட்யூமரையும் ஃபைட் மாஸ்டரையும் ஒரே மேசையில் உட்காரவைக்காவிட்டால் இதெல்லாம் முதல் நாளில்தான் தெரியவரும்.

துப்பாக்கிகள் எல்லாமே ஏர்சாஃப்ட் பொம்மைகள். உண்மைத் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டு எடுப்பதென்றால் அனுமதி, காவல், ஆயுதப் பொறுப்பாளர், தோட்டாச் செலவு, ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு சோதனை என்று நேரமும் பணமும் கரையும். பொம்மையில் அது எதுவும் இல்லை. ஆனால் பொம்மை சத்தமும் போடாது, நெருப்பும் கக்காது. குழாய் முனையில் தெரியும் தீ, துப்பாக்கியின் மேல்பகுதி பின்னால் போய் வருவது, தெறித்து விழும் தோட்டா உறை எல்லாவற்றையும் கணினியில் சேர்த்தார்கள்.

இதில் தவறு நேரும் இடங்கள் தெரிந்தவை. தீப்பொறி திரையில் ஒரு ஃபிரேம் (நொடிக்கு 24 ஓடும் படங்களில் ஒன்று), மிஞ்சினால் இரண்டு ஃபிரேம்தான் இருக்க வேண்டும். நீண்டால் பட்டாசுபோல ஆகிவிடும். தீ வரும் அதே ஃபிரேமில் சுவரும் முகமும் வெளிச்சமாக வேண்டும், இல்லாவிட்டால் படத்தின்மேல் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி இருக்கும். பொம்மையில் பின்னுதைப்பு இல்லாததால் நடிகர் தானே தோளை உலுக்க வேண்டும். ஒருவர் மறந்தாலும் அந்த ஷாட்டைக் கணினி காப்பாற்றாது. நாலு பேர் சரமாரியாகச் சுடும் ஐந்து நொடி ஷாட்டில் ஐம்பது அறுபது தீப்பொறி வைக்க வேண்டியிருக்கும், அத்தனையும் ஆள் உட்கார்ந்து செய்கிற வேலை.

அங்கேதான் திரைக்கதையின் சாமர்த்தியம். படத்தின் முதல் பகுதியோடு போலீஸ்காரர்களின் குண்டுகள் தீர்ந்துபோகின்றன. அதற்குப் பிறகு கத்தி, கம்பு, கை. குண்டு தீர்வது கதைக்கு நெருக்கடி, தயாரிப்பாளருக்கு நிம்மதி. கணினியில் கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய செலவு, ஏற்கெனவே சம்பளத்தில் இருக்கும் ஆட்களின் உடம்பால் செய்யும் வேலையாக மாறிவிடுகிறது.

வெட்டுக்கத்திக் கும்பல் வரும் காட்சிகளுக்கு ஒரே கத்தி போதாது. அருகில் காட்டவும் சுவரில் உரசிச் சத்தம் எழுப்பவும் மழுங்கிய உலோகக் கத்தி, வீசுவதற்கு எடை குறைந்தது, உடம்பில் படுவதற்கு ரப்பர். ரப்பர் கத்தியை வேகமாக வீசினால் முனை ஆடும். ஆடுவது தெரிந்தால் அந்த ஷாட் சிரிப்பாகிவிடும். அதைத் தவிர்க்க உள்ளே மெல்லிய கம்பி வைப்பார்கள், கம்பி வைத்தால் பட்டால் வலிக்கும். குத்தி உள்ளே போகும் ஷாட்டுக்கு அரைக் கத்தியைப் பிடித்து நடித்து, மீதியைக் கணினியில் வரைந்துகொள்ளலாம்.

செலவே இல்லாமல் பதற்றம் உண்டாக்கிய காட்சி ஒன்றும் இருக்கிறது. அடிபட்ட கூட்டாளியோடு நாயகன் ஒரு வீட்டின் பொய்ச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். வெளியே கத்தியோடு தேடுகிறவன் சுவரில் குத்திக்கொண்டே வருகிறான். கத்தி உள்ளே வந்து கன்னத்தைக் கீறுகிறது. கத்தியை வெளியே இழுக்கும்போது ரத்தம் தெரியாமலிருக்க உள்ளே இருப்பவன் அதைத் துடைத்துவிடுகிறான். ஒரு பலகை, ஒரு கத்தி, ஒரு சில முகங்கள். இப்படிப்பட்ட அமைதியான நிமிடங்கள் பார்ப்பவருக்கு மூச்சு விட இடம் கொடுக்கின்றன, தயாரிப்புக்கும் கொடுக்கின்றன. இடைவிடாத சண்டைப் படம் என்று பேர் வாங்கிய படத்திலேயே இவற்றுக்கு இடம் ஒதுக்கியிருப்பதைப் பார்க்க வேண்டும். சின்னப் படம் எடுக்கிறவர்கள் தப்பு செய்வது பெரும்பாலும் இங்கேதான்: பன்னிரண்டு சண்டை எழுதிவிட்டு, எட்டுக்கு மட்டுமே நாள் இருக்கும்போது பன்னிரண்டையும் அரைகுறையாக எடுப்பார்கள்.

கேமரா, பானசோனிக்கின் ஏ.எஃப்.100. அப்போது உடல் மட்டும் சுமார் 5,000 டாலர். ஒரு பெரிய சினிமாக் கேமராவைச் சில நாட்கள் வாடகைக்கு எடுக்கும் காசில் இதைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம். மூன்று மாதம் படப்பிடிப்பு என்றால் வாடகையா சொந்தமா என்பது மிகப் பெரிய வித்தியாசம். குறைகளும் அதற்குத் தக்கபடி இருந்தன. கேமராவுக்குள் பதிவாவது நொடிக்கு 24 மெகாபிட், 8 பிட் வண்ணம். வெளிச்சமும் நிழலும் மிகவும் வேறுபட்டால் வெளிச்சப் பகுதி வெளுத்துவிடும். இருட்டில் வேகமாக அசைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். டி.ஐ.யில், அதாவது கணினியில் நிறம் திருத்தும் கட்டத்தில், நிறத்தை அதிகம் இழுக்க முடியாது. மங்கிய, அழுக்குப் பச்சையும் சாம்பலுமான ஒரு கட்டடத்துக்குள் கதையை வைத்தது இந்தக் குறைகளை மறைக்கவும் உதவியது. வெயிலில் கடற்கரைச் சண்டை எடுத்திருந்தால் அந்தக் கேமரா மானத்தை வாங்கியிருக்கும்.

எடை குறைவு என்பதுதான் அதன் பலம். இந்த அளவுக் கேமராவை இரு கையால் பிடிக்கும் சட்டத்தில் மாட்டினால் ஒளிப்பதிவாளர் சண்டைக்காரரோடு ஓடலாம், குனியலாம், இன்னொரு கைக்கு மாற்றிக்கொடுக்கலாம். ஒளிப்பதிவு மாட் ஃபிளானரி, டிமாஸ் இமாம் சுபோனோ. சண்டை ஷாட்டில் கேமரா பிடிப்பவரும் ஆடுகிறவர்களில் ஒருவர் என்றே கொள்ள வேண்டும். அடி விழும் திசையிலேயே கேமராவும் கொஞ்சம் நகர்ந்தால் அடிக்கு கனம் கூடும், முந்திக்கொண்டால் அடி பொய்யாகும். அதனால் அவரும் ஒத்திகைக்கு வர வேண்டும். சிலாட் மிகவும் நெருங்கி நின்று முழங்கை, முட்டி, பிடி என்று போடும் சண்டை. உயரப் பறக்கும் ஹாங்காங் பாணிக்குத் தேவைப்படும் ரோப் (ஆளைத் தூக்கும் கயிறு), கிரேன், உயரமான செட் எதுவும் இதற்கு வேண்டாம். கலையும் இடமும் பணமும் ஒன்றுக்கொன்று இவ்வளவு பொருந்துவது அபூர்வம்.

வேகத்தைக் கூட்ட நொடிக்கு 24-க்குப் பதில் 22 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டுவது பழைய உத்தி. ஒன்பது சதவீதம் வேகம் கூடும், கண்ணுக்குத் தெரியாது. 20-க்குக் கீழே போனால் தொங்கும் துணியும் தெறிக்கும் தண்ணீரும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு ஸ்டன்டைத் திரையில் பலமுறை விற்பது இன்னொரு சிக்கன வழி. 2003-இல் வந்த தாய்லாந்துப் படம் ‘ஓங் பாக்’ ரோப்பும் கணினியும் இல்லாமல் டோனி ஜாவின் உடம்பை நம்பி எடுத்தது. அவர் ஒரு பெரிய தாவலைச் செய்தால் அதை இரண்டு மூன்று கோணங்களில் அடுத்தடுத்து, சிலது மெதுவாக, மறுபடி காட்டுவார்கள். ஒருமுறை எடுத்த ஆபத்துக்கு மூன்று மடங்கு திரை நேரம். ‘தி ரெய்டு’ அந்த வழிக்குப் போகவில்லை. அதன் சண்டை நிற்காமல் ஓடுகிறது, மறுபடி காட்டினால் ஓட்டம் அறுந்துவிடும்.

ஒலியைப் பற்றி யோசிக்காமல் விட்டால் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும். சண்டை எடுக்கும்போது ஃபைட் மாஸ்டர் எண்ணிக்கொண்டே கத்துவார், ரப்பர் பாய் பொத்து பொத்தென்று சத்தம் போடும், பொம்மைத் துப்பாக்கி டிக் டிக் என்கும். அந்த ஒலி எதற்கும் ஆகாது. ஒவ்வொரு அடியும் பிறகு அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது: துணி காற்றைக் கிழிக்கும் ஓசை, தோலில் படும் சுள்ளென்ற ஓசை, அடியில் கனமான ஒரு தம், தேவைப்பட்டால் எலும்பு முறியும் ஒலி. நூறு அடிக்கும் ஒரே ஒலியைப் போட்டால் ஐந்தே நிமிடத்தில் காது மரத்துப்போகும். நடிகர்கள் மூச்சு, முனகல், கத்தல் எல்லாவற்றுக்கும் தனியாக டப்பிங் அறைக்கு வர வேண்டும், இதற்குப் பட்ஜெட்டில் காசு ஒதுக்க மறப்பவர்கள் ஏராளம்.

வசனம், எஃபெக்ட்ஸ், இசை மூன்றையும் தனித்தனித் தடங்களாகக் கொடுக்காவிட்டால் வெளிநாட்டு விநியோகஸ்தர் படத்தை வாங்கிக்கொள்ள மாட்டார். இந்தப் படத்தில் அது வெறும் சம்பிரதாயமாக நிற்கவில்லை. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 2011 மே மாதத்திலேயே கான் விழாவோடு நடக்கும் படச் சந்தையில் படத்தின் உரிமைகள் விலைபோகத் தொடங்கின. அமெரிக்க உரிமையை சோனி வாங்கியது. ஃபஜார் யுஸ்கெமாலும் ஆரியா பிரயோகியும் செய்த இசை இந்தோனேசியப் பதிப்பில் இருக்க, அமெரிக்கப் பதிப்புக்கு லிங்கின் பார்க் குழுவின் மைக் ஷினோடாவும் ஜோசப் ட்ரபனீஸும் புதிய இசை அமைத்தார்கள். ஒலிகள் இசையோடு கலந்து ஒரே தடமாக இருந்திருந்தால் இது முடியாது. தலைப்பும் மாறியது: ‘தி ரெய்டு’ என்ற பேருக்கு அமெரிக்காவில் உரிமை கிடைக்காததால் பின்னால் ‘ரிடெம்ப்ஷன்’ சேர்ந்தது. கதையில் யாருக்கும் மீட்சி கிடைத்த மாதிரி இல்லை, ஆனால் வக்கீல்களுக்குத் திருப்தி.

2012 மார்ச் 23-இல் இந்தோனேசியாவிலும் அமெரிக்காவிலும் வெளியானது. அமெரிக்க வசூல் 41 லட்சம் டாலர், உலக அளவில் சுமார் 93 லட்சம். செலவைப்போல எட்டு மடங்கு என்று இதைப் படிக்கக் கூடாது. டிக்கெட் பணத்தில் ஏறத்தாழப் பாதி தியேட்டருக்கு. மீதியில் விளம்பரச் செலவையும் தன் பங்கையும் விநியோகஸ்தர் எடுத்துக்கொள்வார். தயாரிப்பாளர் கைக்கு உறுதியாக வருவது முன்கூட்டியே விற்ற உரிமைப் பணம்தான். படம் முடியும் முன்பே அது வரத் தொடங்கியதுதான் இவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அதற்கும் காட்டிக்கொள்ள சில நிமிடச் சண்டை தயாராக இருந்தது. சண்டையைக் கடைசியில் எடுக்கலாம் என்று தள்ளிவைத்திருந்தால் மே மாதத்தில் காட்ட என்ன இருந்திருக்கும்?

எடுத்து வைத்த ‘பெராண்டால்’ கதை மாற்றி எழுதப்பட்டு 2014-இல் ‘தி ரெய்டு 2’ ஆனது. செலவு 45 லட்சம் டாலர், முன்னதைவிட நாலு மடங்கு. இரண்டரை மணி நேரப் படம், பல இடங்கள், கார் துரத்தல். வசூல் முதல் படத்தைவிடக் குறைவு. அந்தக் கார் துரத்தலில் கேமரா ஓடும் காரின் ஜன்னல் வழியாக உள்ளே போய், நடிகர்களைக் கடந்து, மறுபக்க ஜன்னல் வழியாக வெளியேறுவதாக ஒரு ஷாட் உண்டு. கேமராவை உள்ளே வாங்கி வெளியே கொடுக்க காருக்குள் ஒருவர் இருந்தாக வேண்டும், ஆனால் அவர் படத்தில் தெரியக் கூடாது. சீட் உறையைப்போலவே ஓர் உடை தைத்து, ஒரு கேமராமேனுக்கு மாட்டி, முன் இருக்கையில் உட்காரவைத்தார்கள்.